ஆறடி நகர்ந்த பளிங்கு

எனக்கு இந்த வயதிலும் கண் நன்றாகத் தெரியும், ஐயா. ஊசியில் நூலை ஒரே தடவையில் கோத்துவிடுவேன். அதனால் பார்வை மங்கித் தவறு நடந்துவிட்டது என்று வாக்குமூலத்தில் எழுத வேண்டாம்.

நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவன் நான். என் மாப்பிள்ளை அந்தக் கட்டடத்துக்கு இன்ஜினியராக வந்ததும், என்னை அட்டை ஒட்ட வைத்தார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட நாலு அட்டை. பூசாத தரையில் சாக்பீஸ் குறி இருக்கும். அதன்மேல் ஒட்ட வேண்டும். தலையில் மாட்டுகிற கண்ணாடி அந்த அட்டைகளைப் பார்த்து அளவெடுத்து, வெறும் சிமெண்டின்மேல் பளிங்கு விரித்துக் காட்டும். சோபா போடும். வீடு வாங்க வந்த ஒருவர் அந்தச் சோபாவில் உட்காரப் போய்த் தரையில் விழுந்தார். சோபாவின் நிறம் பிடிக்கவில்லை என்றாள் அவர் மனைவி. படித்தவர்கள்.

ஐந்தாவது மாடியில் லிஃப்டுக்கு விட்ட குழியைச் சுற்றி இரும்புக் கம்பியால் தடுப்பு கட்டியிருந்தேன்.

"மாமா, இதை எடுத்துடுங்க. அழகான படத்துக்கு நடுவுல துருப்பிடிச்ச கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது."

"குழி இருக்கே, மாப்ள."

"கண்ணாடியில சிவப்பா கைப்பிடி தெரியும் மாமா. அதைத் தாண்டி எவனும் போகமாட்டான். நீங்க இன்னும் தூக்குக்குண்டு காலத்துலயே இருங்க."

பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் சிரித்தான். "பெருசுக்கு அந்தக் கண்ணாடிய மாட்டி விடுங்க சார். சோபாவுல படுத்துத் தூங்கிடும்."

கம்பியை எடுத்தேன். சொன்னதைச் செய்கிறவன் நான்.

கண்ணாடி போட்டவனுக்குக் குழி தெரியாது, ஐயா. குழியின் மேலும் பளிங்குதான். சுற்றி வரைந்த சிவப்புக் கைப்பிடி மட்டும்தான் எச்சரிக்கை. அட்டை நகர்ந்தால் கைப்பிடியும் அதோடு நகரும். வியாழக்கிழமை காலை நாலு அட்டையையும் நகர்த்தி ஒட்டினேன். அந்தப் படம் எவ்வளவு லேசாக இடம் மாறும் என்று மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். முதலில் மூன்றடி நகர்த்தினேன். பாதிக் குழி கைப்பிடிக்குள்ளேயே நின்றது. ஆறடி நகர்த்தியதும் குழி முழுவதும் கைப்பிடிக்கு வெளியே கச்சிதமாக வந்தது. நானே கண்ணாடியை மாட்டிச் சரிபார்த்தேன். வேலையில் அரைகுறை எனக்குப் பிடிக்காது.

தினமும் முதலில் மாட்டிக்கொண்டு நடந்து பார்ப்பவர் அவர்தான். அன்றும் வந்தார். "பாருங்க மாமா, எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார். சிவப்புக் கைப்பிடியை விட்டு ஒதுங்கி, மிகவும் ஜாக்கிரதையாக, குழிக்குள் நடந்தார். நான் எட்டடி தூரத்தில் பசை டப்பாவோடு நின்றேன். தள்ளவில்லை. தொடவும் இல்லை.

பிணவறை வாசலில் என் மகள் கேட்டாள். "ஒரு குரல் குடுத்திருந்தா நின்னிருப்பாரேப்பா?"

நின்றிருப்பார். நின்று, கண்ணாடியைக் கழற்றி, கிழவன் அட்டையைத் தப்பாக ஒட்டிவிட்டான் என்று அந்த எலக்ட்ரீஷியன் முன்னால் சொல்லியிருப்பார். கண்ணாடிமேல் குற்றமில்லை என்று முடிந்திருக்கும்.

மகளுக்கு இப்போது கோபம். ஆறிவிடும். கம்பியை எடுக்கக் கூடாது என்று நான் நினைத்தது சரிதான். இனி அந்த வீட்டில் அதை மறுத்துப் பேச ஆள் இல்லை.