சுற்று நோட்டில் என் முறை

நல்ல தலைப்பு வைப்பது எப்படி என்று ஜக்கையன் கேட்டிருக்கிறார். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். பதில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியக் கூடாது. கேட்டவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் கஷ்டம்.

எனக்கு இப்போது நாலு வரி எழுதினாலே கை கடுக்கிறது. போன வருஷமே எஸ்டேட் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டேன். ஆனாலும் முறை என்று வந்தால் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த விதியைப் போட்டவனே நான்தான்.

நோட்டுக்கு இனிமேல் புதிதாக வரப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். 1974இல் போடியில் இதைத் தொடங்கினேன். எங்கள் ஆபீசிலிருந்து மலைக்கு அரிசி, கடிதம், சாக்கு எல்லாம் அனுப்புவது என் வேலை. பகலெல்லாம் லோடு ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய் ரேடியோ கேட்பேன். கேட்டதைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. விசாரித்தால் தேவாரத்தில் தோட்டம் வைத்திருந்த ராக்கையாவுக்கும் அதே குறை, பொட்டிபுரம் பொன்னுமணி டீச்சருக்கும் அதே குறை. ரேடியோ ரிப்பேர் கடை ஜக்கையனுக்கு மட்டும் பேச ஆள் இருந்தது. எல்லாம் ரிப்பேருக்கு வந்த ஆள்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் காக்கி அட்டை போட்டேன். ஒருவர் சங்கீதத்தைப் பற்றி ஒரு தலைப்பு எழுதுவார். நோட்டு வரிசைப்படி வீடு வீடாகப் போகும். பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவோம், மலைக்கென்றால் எஸ்டேட் டிரைவர் கோட்டைச்சாமியின் ஜீப். ஒவ்வொருவரும் மூன்று நாள் வைத்திருந்து பதில் எழுதி அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். எல்லாருக்கும் போய் வந்தால் ஒரு சுற்று. தலைப்பு வைத்தவர் கடைசிவரை தன் கருத்தைச் சொல்லக் கூடாது. வரிசையை யாருக்காகவும் மாற்றக் கூடாது. ஒரு சுற்றில் எது சிறந்த பதிலோ அதன் கீழே நான் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். அந்தக் கோட்டுக்காக ராக்கையா ஒருமுறை அரை மூட்டை நிலக்கடலை கொண்டுவந்து இறக்கினார். கடலையை வாங்கிக்கொண்டேன், கோடு போடவில்லை.

ஒப்பாரி சங்கீதமா என்று ஒரு தலைப்பு வைத்தேன். முப்பத்தெட்டுப் பக்கம் போனது. டீச்சரும் ராக்கையாவும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தெரிந்த பாட்டைத் திரும்பக் கேட்கும்போது நாம் கேட்பது பாட்டையா, பழைய ஞாபகத்தையா என்று ஒன்று. நாற்பத்தொரு பக்கம். நான் சந்தோஷமாக இருந்த காலம் அது. வேறு எதிலும் நான் அப்படி இருந்ததில்லை.

மூன்று வருஷத்தில் நோட்டு சோர்ந்துவிட்டது. சண்டை போட்டவர்கள் சிநேகிதர்களாகிவிட்டார்கள். "ராக்கையா அண்ணன் எழுதியதே என் கருத்தும்" என்று டீச்சர் எழுத ஆரம்பித்தார். ஒரு தலைப்பைக் கொல்ல அந்த ஒரு வரி போதும். அந்த நேரத்தில்தான், 1977இல், தம்பான் மாஸ்டர் சேர்ந்தார். குரங்கணிக்கு மேலே, கேரளத்து எல்லையை ஒட்டிய ஒரு எஸ்டேட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர். பச்சை மை, இடது பக்கம் சாய்ந்த எழுத்து. நடுநடுவே ஒரு மலையாள வார்த்தை வரும். சங்கீதம் முறையாகப் படித்தவர் என்பது நாலு வரியில் தெரிந்துவிடும். ஜீப் குரங்கணியோடு நின்றுவிடும் என்பதால் அவருக்கு நோட்டு லோடு குதிரையில்தான் போய் வரும், பத்து நாள் ஆகும். முட்டுவலியால் மலை இறங்க முடியாது என்று எழுதியிருந்தார். ஆகவே யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் வந்த பிறகு நோட்டுக்கு மறுபடி உயிர் வந்தது. யார் எதைப் புகழ்ந்தாலும் அவர் ஒரு ஓட்டை கண்டுபிடிப்பார். ஓட்டையை அடைக்க மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

சுருளியம்மாள் கடைசியாகச் சேர்ந்தவள். குரங்கணியில் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கும் வேலை. பத்தாவது வரை படித்தவள், தகப்பன் இல்லை, ஆத்தாளும் அவளும்தான். காய் பொறுக்கும்போது அவள் பாடினால் மற்ற பெண்களுக்குக் கை வேகமாக ஓடுகிறது என்று கங்காணி தடுக்காமல் விட்டிருந்தார். நோட்டு வந்தால் முதலில் மாஸ்டர் பக்கத்தைத்தான் புரட்டுவாளாம். என்னிடமே சொன்னாள். ராகங்களைப் பற்றி அவரிடம் கேள்வி எழுதுவாள், அவரும் பொறுமையாக மூன்று பக்கம், நான்கு பக்கம் பதில் எழுதுவார். காசிமாயன் என்கிற என் பெயரில் வந்த பதில் எதையும் அவள் ஒருமுறைகூடக் குறிப்பிட்டதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

1981 ஆவணியில் அவள் ஆபீசுக்கு வந்தாள். திருச்சி வானொலியில் குரல் தேர்வுக்கு எழுதிப் போட்டிருந்தாள், வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. போவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"அப்பன் இல்லாத புள்ளைன்னு பாவப்பட்டு நல்லாருக்குன்னு சொல்றாகளோன்னு இருக்குண்ணே," என்றாள். "என் பேரு தெரியாம நோட்டுக்காரக கேக்கட்டும். மாஸ்டரு என்ன சொல்றாரோ அதுதான் எனக்கு. அவரு நல்லாருக்குன்னா போறேன்."

பெயர் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். எஸ்டேட் முதலாளி வீட்டு டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி, ஆபீஸ் பின்கட்டில் அவளைப் பாடவைத்துப் பதிவு செய்தேன். புதுக் கேசட் கிடைக்கவில்லை. ஏற்கெனவே பலமுறை அழித்து எழுதிய ஒன்றில்தான் எடுத்தேன். கேசட்டை உறையில் போட்டு நோட்டோடு சேர்த்துக் கட்டி, தலைப்பு எழுதினேன்: "பாடுபவர் யார் என்று தெரியாதபோது நம் காது என்ன சொல்கிறது?"

அதைவிட நல்ல தலைப்பு நான் வைத்ததில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் எல்லாரும் புகழ்ந்துவிட்டார்கள். ஜக்கையன் கடையை அடைத்துவிட்டு மூன்று முறை கேட்டதாக எழுதினார். இந்தப் பெண் யாரென்று சொன்னால் தன் மகள் கல்யாணத்தில் பாடவைப்பேன் என்றார் ராக்கையா. டீச்சர் வழக்கம்போல ராக்கையா சொன்னதே தன் கருத்தும் என்றார். மொத்தம் இரண்டரைப் பக்கம். அப்படி ஒரு தலைப்பு இரண்டரைப் பக்கத்தில் முடிந்து கிடந்தது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்தது மாஸ்டர் முறை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன், எனக்கு மனப்பாடம். "இது கெட்ட குரல் அல்ல. பாராட்டுக்குப் பழகிய குரல். இரக்கப்பட்டு யாரோ பாராட்டியிருக்கிறார்கள், அதை நம்பி இவர் பாடுகிறார். மேலே போகும்போது பிசிறுவது உங்கள் காதில் விழவில்லையா? சாரமில்லை, தொட்டில் ஆட்ட இது போதும். இதைச் சங்கீதம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பெண்ணுக்குத் துரோகம் செய்கிறார்கள்."

அந்தப் பக்கத்தை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது.

ஜக்கையன் தம்பான் மாஸ்டரின் விலாசமும் கேட்டிருக்கிறார், நோட்டு ஆண்டு விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். தேட வேண்டாம். மாஸ்டர் என்று யாரும் கிடையாது. லோடு குதிரையில் மலை ஏறியதாகச் சொன்ன அந்தப் பத்து நாளும் நோட்டு என் மேசை டிராயரில் இருந்தது. பச்சை மை போடி கடைவீதியில் வாங்கியது. இடது கையால் எழுதிப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சங்கீத ஞானம் இரண்டு புத்தகங்களில் இருந்து வந்தது. மலையாள வார்த்தைகள் எஸ்டேட் ஆட்களிடம் கேட்டு வைத்துக்கொண்டவை. தலைப்பு வைத்தவர் கருத்துச் சொல்லக் கூடாது என்று விதி. அந்த விதியை நான் மீறவில்லை, சொன்னது மாஸ்டர்.

இரக்கம் என்ற வார்த்தையை எங்கிருந்து எடுத்தேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் என் எதிரில் நின்று சொன்ன பயம் அது. ஒரு தலைப்பில் எந்த இடம் வலிக்கும் என்று தெரிந்திருந்தால் அந்த இடத்தில்தான் தொட வேண்டும். ஜக்கையனின் கேள்விக்கு இதையும் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

ஏழு வருஷத்துப் பலன் கிடைத்தது. ஒருவர் மறுத்து எழுதினால் முன்னால் எழுதியவர்களுக்கு நோட்டு ஒருமுறை திரும்பப் போகும் என்பது வழக்கம், அதன்படி மறுபடி மூன்று பேருக்கும் அனுப்பினேன். மாஸ்டர் சொன்ன பிறகு திரும்பக் கேட்டேன், பிசிறு இருக்கத்தான் செய்கிறது என்று ஜக்கையன் எழுதினார். தன் மகள் கல்யாணத்துக்கு வேறு ஆள் பார்ப்பதாக ராக்கையா வேடிக்கையாக எழுதினார். இத்தனை நாள் நம் காதை நாமே ஏமாற்றிக்கொண்டோம் என்று டீச்சர் ஆறு பக்கம் எழுதினார். அவர் தனியாக அவ்வளவு எழுதியது அதுதான் முதல்முறை. யாரும் கெட்டவர்கள் இல்லை. படித்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்ட பிறகு தன் காது மட்டம் என்று ஒத்துக்கொள்ள யாருக்கும் பிடிப்பதில்லை, அவ்வளவுதான். மொத்தம் ஐம்பத்திரண்டு பக்கம். அதற்குப் பிறகு வரிசைப்படி நோட்டு சுருளியம்மாள் வீட்டுக்குப் போனது. அந்தச் சுற்றில் அவளை விட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். வரிசையை மாற்றக் கூடாது என்பதால் அனுப்பினேன்.

மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம் என்றாலும் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கோட்டைச்சாமி மத்தியானம் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அந்தப் புள்ள முகமே சரியில்லண்ணே," என்றார். "ஜீப்பு சும்மாதான் மேல போகுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டு வாங்க. பொழுதுக்குள்ள கொண்டாந்து விட்டுர்றேன்."

சோலி கிடக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். சோலி ஒன்றும் இல்லை. நோட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

அவள் எழுதியிருந்தது மூன்று வரி. "மாஸ்டர் சொன்னது சரி. அந்தக் குரல் என்னுடையது. உங்களையெல்லாம் பொய் சொல்லவைத்ததற்கு மன்னிக்க வேண்டும்." அந்தச் சுற்றில் அதைவிடச் சிறந்த பதில் இல்லை. டீச்சரின் ஆறு பக்கமும் அந்த மூன்று வரிக்கு ஈடாகாது. பென்சிலைச் சீவி அதன் கீழே சிவப்புக் கோடு போட்டேன். இதற்கு மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அவள் ஏலச்செடிக்கு அடிக்கும் மருந்தைக் குடித்துவிட்டாள். கோட்டைச்சாமிதான் ஜீப்பில் போட்டுக்கொண்டு இறங்கினார். மதுரைக்குக் கொண்டுபோய், தொண்டையில் குழாய் போட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். குரல் திரும்பி வரவில்லை. டீத்தண்ணி என்று நினைத்துத் தவறுதலாகக் குடித்துவிட்டாள் என்று அவள் ஆத்தா சொன்னாள். ஊரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. போலீஸ் என்னிடம் வரவில்லை, வர ஒரு காரணமும் இல்லை. ராக்கையா மட்டும் ஒருநாள் வந்து என் முன்னால் உட்கார்ந்து அழுதார். தான் எழுதிய வேடிக்கையால் வந்ததென்று நினைத்தார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். நோட்டு அதோடு நின்றது.

அந்தக் குரல் உண்மையில் எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். நன்றாக இருந்தது. ரேடியோவிலும் நேரிலும் நான் கேட்ட எந்தக் குரலும் எனக்கு அப்படிப் பட்டதில்லை. பின்கட்டில் அவள் பாடி முடித்தபோது பொத்தானை அமுக்கி நிறுத்த எனக்குக் கை வரவில்லை. பிசிறு கேசட்டில் இருந்தது. பழைய கேசட் அப்படித்தான் பிசிறும். அது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

இந்த 1987இல் ஜக்கையன் புது நோட்டு வாங்கி வரிசை எழுதியபோது, சுருளியம்மாள் ஆள் அனுப்பித் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னாளாம். உனக்கு முடியுமா தாயி என்று இவர் கேட்டு அனுப்பியதற்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதியிருக்கிறாள்: "பேச்சுத்தானே வராது. எழுத வரும்." கூடவே, மாஸ்டர் சுகமாக இருக்கிறாரா என்றும் கேட்டிருக்கிறாள்.

புது வரிசையில் ஜக்கையன், ராக்கையா, பொன்னுமணி டீச்சர், நான்காவது நான், ஐந்தாவது சுருளியம்மாள். தலைப்பு ஜக்கையனுடையது, ராக்கையாவும் டீச்சரும் எழுதிய பதில்களைப் படித்தேன். நல்ல மனிதர்களின் பதில்கள். இரண்டும் சேர்ந்து ஒன்றரைப் பக்கம். நோட்டு மறுபடி செத்துப்போய்விடுமோ என்ற கவலையும் எனக்கு இருந்தது. நான் இதை எழுதுவதற்கு அது காரணம் இல்லை. ஆறு வருஷமாகச் சுமந்து களைத்துவிட்டேன், இறக்கி வைக்க வேண்டும், அதனால்தான் எழுதினேன்.

அவள் கைக்குப் போகாமல் இந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்றும் நினைத்தேன். அது விதிக்குப் பொருந்தாது. நாளைக் காலை கோட்டைச்சாமி ஜீப்பில் நோட்டு குரங்கணிக்குப் போகிறது. சுருளியம்மாள் மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். அவசரம் இல்லை, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். இந்த முறை அவளிடமிருந்து நல்ல பதில் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. சிவப்புப் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.