மயக்கம் தெளியும் அறை

ஐயா,

என் கையெழுத்து தெளிவாக இருக்கும். பள்ளியில் அதற்காகவே ஒரு பேனா பரிசு வாங்கியிருக்கிறேன். ஆகவே வாக்குமூலத்துக்குத் தட்டச்சு வேண்டாம். நீங்கள் கேட்டவற்றை நானே வரிசையாக எழுதித் தருகிறேன்.

பன்னிரண்டு வருடமாக மயக்கம் தெளியும் அறையில் நர்ஸாக இருக்கிறேன். ஆறு கட்டில்கள். காலையில் வந்து, சின்ன ஆபரேஷன் முடிந்து, மாலைக்குள் வீடு திரும்பும் குழந்தைகள். மயக்கம் தெளியும்போது அழும். வலியால் அல்ல, எங்கே கிடக்கிறோம் என்று புரியாத அழுகை. அரை மணியில் தானாக அடங்கிவிடும் என்பார்கள் டாக்டர்கள். அந்த அரை மணி அவர்கள் அங்கே நிற்பதில்லை. ஒன்று அழுதால் ஆறும் அழும். வெளியே பெற்றவர்கள் கதவைத் தட்டுவார்கள்.

ஆபரேஷனில் மிஞ்சும் மயக்க மருந்தை, இன்னொரு நர்ஸ் பார்க்க, தொட்டியில் கொட்டிவிட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். என்னுடன் வேலை பார்க்கும் இளையவள், "நீங்க கொட்டிட்டேன்னா கொட்டினதுதான்க்கா" என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவாள். அவள்மேல் குற்றமில்லை. நான் கொட்டியதில்லை. குழந்தையின் கையில் ஊசி ஏற்கெனவே இருக்கிறது. மிஞ்சியதில் கொஞ்சம் ஏற்றினால் போதும்.

"என்ன சிஸ்டர், இது வார்டா, லைப்ரரியா?" என்று பெரிய டாக்டர் சிரிப்பார்.

எத்தனை குழந்தைகளுக்கு என்று கேட்டீர்கள். எண்ணவில்லை. அழுதவர்களுக்கு மட்டும்.

அன்று மூன்றாம் கட்டிலில் நான்கு வயதுப் பெண். காதில் ஆபரேஷன். "என் செருப்பு எங்க?" என்று விடாமல் அழுதாள்.

"இதோ வருது கண்ணு," என்று சொல்லி ஏற்றினேன்.

சற்று நேரத்தில், ஆக்ஸிஜன் குறைகிறதென்று விரலில் மாட்டியிருந்த கருவி கத்தியது. மற்ற ஐந்தும் விழித்துக்கொள்ளுமே என்று அதை நிறுத்தினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டிய நாடியையும் மூச்சையும் அரை மணிக்கும் சேர்த்து முன்பே எழுதியிருந்தேன். தாளைப் பாருங்கள், ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது.

பிறகு அவள் அம்மாவை உள்ளே விட்டேன். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எப்படித் தூங்குறா பாருங்க சிஸ்டர். வீட்டுல ஒரு நாளும் இப்படித் தூங்கினதில்ல."

"எழுப்பிடாதீங்கம்மா."

கால் சில்லிட்டிருக்கிறதே என்று போர்வைக்குள் கைவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் உதடு நீலமாகியிருந்ததை நான் அவளுக்கு முன்பே பார்த்துவிட்டேன். அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறீர்கள். பிழைத்திருப்பாள்தான். ஆனால் கூப்பிட்டால் நாலு பேர் ஓடி வருவார்கள், கத்துவார்கள், கட்டிலை இழுப்பார்கள். தூங்குகிற ஐந்து குழந்தைகளை யார் சமாதானப்படுத்துவது? விளக்கைக் குறைத்துவிட்டு என் நாற்காலிக்குப் போனேன். இருபது நிமிடம் அந்த அம்மாள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

எழுதியதெல்லாம் உண்மை. கீழே கையெழுத்திட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் நீங்கள் விடாமல் குறித்துக்கொள்ள வேண்டும்: மருந்து ஏற்றியதிலிருந்து அந்த அம்மாள் அலறும்வரை, என் அறையில் ஒரு குழந்தைகூட அழவில்லை.