மேலே ஆறிய மசியல்

சோறு வைக்க வாங்கிய பாத்திரத்தில் சோறுதான் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, மேடம். இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நீங்கள் போலீஸ். மைக்ரோவேவுக்குள் வைக்கிற பிளாஸ்டிக் ரைஸ் குக்கர் அது. அக்கா தள்ளுபடியில் வாங்கி வந்தாள். முதல் நாள் வைத்த சோறு ஒரு பக்கம் அரிசியாகவும் மறு பக்கம் கஞ்சியாகவும் வந்தது. மாமா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இது சோறா, இல்ல ரெண்டு கட்சிக் கூட்டணியா?" என்று கேட்டார். அத்தோடு குக்கர் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அதைக் கீழே இறக்கி வாழ்வு கொடுத்தவன் நான்.

மாமா என்றால் அக்காவின் கணவர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். அவர் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வண்டி தாமதம் என்று அவர் சொன்னால், தாமதமாவது நல்லதுதான் போலிருக்கிறது என்று தோன்றும். வெல்வெட் துணியில் பொதிந்த செங்கல் மாதிரி ஒரு குரல்.

சிக்கல் என்னவென்றால் அவர் வீட்டிலும் அறிவிப்பாளர்தான். நான் குளித்துக்கொண்டிருந்தால் கதவுக்கு வெளியே நின்று, "அன்பார்ந்த மைத்துனர் அவர்களின் கவனத்திற்கு. தாங்கள் குளியலறையை விட்டுப் புறப்பட வேண்டிய நேரம் கடந்துவிட்டது" என்பார். விருந்தாளிகள் வந்தால், "நம்ம மாப்ள காலேஜ்ல காமெடி நாடகம் போடறாரு. போன தடவ நடிச்சவங்கள விடப் பார்த்தவங்க கம்மி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நகைச்சுவை எழுதுகிறவன் சிரிக்காமல் இருந்தால் தொழில் தர்மம் ஆகாது.

அவர் தாடை உடைந்ததற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. அது நிலையத்து மாடிப்படியின் வேலை. ஈரமாக இருந்தது, வழுக்கினார், கைப்பிடிக் கம்பியில் முகம் மோதியது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். கீழுதடும் நாக்கின் முன்பக்கமும் மரத்துப்போயின. நரம்பு மெல்ல மெல்லத் திரும்ப வரும் என்றார் டாக்டர்.

"மெல்லவே கூடாது. மசிச்சது மட்டும்தான். முக்கியமா, சூடு கூடாது. அவருக்குச் சுட்டாத் தெரியாது. யாராவது விரல் வச்சுப் பாத்துட்டுத்தான் குடுக்கணும்."

"என் தம்பி பாத்துப்பான் டாக்டர்" என்றாள் அக்கா.

அக்காவுக்குத் துணிக்கடையில் வேலை. பகல் முழுவதும் நின்றபடி இருப்பாள். எனக்குக் கல்லூரிக்குப் போவதில் கொள்கையளவில் உடன்பாடு கிடையாது. ஆகவே மதியச் சாப்பாடு என் பொறுப்பானது. மரத்த உதட்டில் அவரே எடுத்துச் சாப்பிட்டால் வழிந்துவிடும், அதனால் ஊட்டுவதும் நான்தான்.

செய்முறையைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கைத் தோல் சீவிச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்ட வேண்டும். எல்லாம் ஒரே அளவு, இல்லாவிட்டால் ஒன்று குழைந்து இன்னொன்று கல்லாக நிற்கும். குக்கரில் போட்டு, அடி நனைகிற அளவு தண்ணீர், கொஞ்சம் உப்பு. ஓட்டை போட்ட உள்மூடி, அதற்கு மேல் வெளிமூடி, இரண்டு பக்கமும் கொக்கி. பத்து நிமிடம் ஓடவிட்டு, எடுத்ததும் திறக்காமல் அப்படியே புழுங்க விட வேண்டும். பிறகு அதிலேயே வெண்ணெயும் பாலும் விட்டுக் கரண்டியின் முதுகால் மசிக்க வேண்டும். மிக்சியில் அடித்தால் போஸ்டர் ஒட்டுகிற பசை ஆகிவிடும். அந்தக் குக்கர் ஆழமானது, வாய் குறுகலானது. மசித்து வைத்தால் மேலே சீக்கிரம் ஆறி ஏடு கட்டிவிடும். நடுவில் ஆறாது. மேலே விரல் வைத்தால் குழந்தைக்கே கொடுக்கலாம் போலிருக்கும். உள்ளே எரிமலை.

நான் ஒவ்வொரு தடவையும் விரல் வைத்துப் பார்த்தேன், மேடம். அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே.

இதற்கிடையில் நிலைய மேலாளர் வீட்டுக்கு வந்தார், நலம் விசாரிக்க. மாமா ஜாடையில் பதில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்க்கச் சகிக்காமல் நான் அவர் குரலிலேயே மொழிபெயர்த்தேன். "உக்காருங்க சார், டீ சொல்றேன்." மேலாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"டேய் தம்பி, இன்னொரு தடவ பேசு."

பேசினேன். மாமாவும் சிரித்தார், சிரிக்க முடிந்த அளவுக்கு. மறுநாளே மாமா திரும்ப வரும்வரை என்று சொல்லி என்னை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். மாமாதான் கையைத் தட்டி அனுப்பி வைத்தார்.

நான் முதன்முதலில் சொன்னது, வடக்கே போகும் வண்டி மூன்றாம் நடைமேடையிலிருந்து ஐந்தாம் நடைமேடைக்கு மாற்றப்பட்டது என்று. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கூட்டம் மொத்தமும் ஒரே வீச்சில் திரும்பியது. பெட்டி, மூட்டை, கைக்குழந்தை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு படியேறியது. என் நாடகத்துக்கு ஒருவன் கழுத்தைத் திருப்பியதில்லை. இங்கே நான் வாயைத் திறந்தால் ஊரே ஓடியது.

சுட்டது முதல் தடவை தவறுதான். அன்று மேலாளர் சீக்கிரம் வரச் சொல்லி அழைத்திருந்தார். அவசரத்தில் கரண்டியை நடுவில் விட்டு எடுத்து ஊட்டிவிட்டேன். மாமாவின் வாயிலிருந்து ஆவி வந்தது. மனிதர் நிம்மதியாகச் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அந்த மசியலை வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னபடி மெதுவாக நாக்கால் நசுக்கி, ஆறின பிறகு விழுங்கினார். நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மறுநாள் உதட்டில் கொப்புளம் கிளம்பியிருந்தது. "மரத்த உதடுதானே, தெரியாமக் கடிச்சிருப்பார்" என்றார் டாக்டர். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். புண் ஆறுவதற்காகக் குரல் பரிசோதனையைத் தள்ளி வைத்தார்கள். அதில் தேறினால்தான் மாமாவுக்குத் திரும்ப மைக். தேறாவிட்டால் சரக்கு அலுவலகத்தில் மூட்டைக்கு முத்திரை குத்தும் வேலை. மேலாளர் என் தோளைத் தட்டி, "இன்னும் கொஞ்ச நாள் நீயே பாத்துக்கப்பா" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது தவறில்லை. அதற்குப் பிறகு நடந்தது சமையல்.

தினமும் இல்லை. புண் ஆறி வரும்போது மட்டும். ஓரத்திலிருந்து சில கரண்டி, நடுவிலிருந்து ஒரு கரண்டி. மேலண்ணத்தில் உணர்வு இருந்தது, அதனால் அங்கே படாமல் கீழே இறக்கி வைப்பேன். அவருக்கு வலிக்கவே இல்லை, மேடம். வலிக்காத ஒன்றை எப்படிக் கொடுமை என்று எழுதுவீர்கள் என்று தெரியவில்லை.

அவர் தினமும் பயிற்சி செய்தார். "பயணிகள்" என்பது வரவில்லை. பகரத்துக்கு இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். புண்ணும் தழும்புமாகக் கீழுதடு ஒட்ட மறுத்தது. "அயணிகள், அயணிகள்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு கதி. எனக்கே பாவமாக இருந்தது. நிலையத்தில் அந்தச் சொல்லை நான் கூடுதல் அக்கறையோடு உச்சரித்தேன்.

பிறகு ஒரு காலையில் சமையலறைக்குள் வந்து நின்று, "பயணிகள் கவனத்திற்கு" என்றார். சுத்தமாக. அக்கா கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டாள். "இன்னொரு தடவ சொல்லுங்க! இன்னொரு தடவ!" அவர் அவளுக்காக வண்டி வண்டியாக அறிவித்தார். என்னைப் பார்த்து, "மாப்ள, உங்க மைக் பதவிக்கு ஆபத்து" என்றார். விளையாட்டாகத்தான். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவள் வேலைக்குப் போன பிறகு உருளைக்கிழங்கை வெட்டினேன். எல்லாம் ஒரே அளவு.

நரம்பு திரும்பிவிட்டது என்பதை நான் யோசிக்காமல் இல்லை. பேச்சு வந்தால் உணர்வும் வந்திருக்கும். கல்லூரிக்கு ஒழுங்காகப் போகாதவனாக இருந்தாலும் அந்த அளவுக்கு அறிவியல் தெரியும். மேலே விரல் வைத்துப் பார்த்தேன், ஆறியிருந்தது. கரண்டியை நடுவில் விட்டேன். முழுக் கரண்டி.

வாய்க்குள் வைத்ததும் அவர் கண் விரிந்தது. அன்றுதான் அவருக்கு முதல்முறையாகச் சுட்டது. துப்பப் பார்த்தார். நான் இடது கையால் தாடையைக் கீழிருந்து பிடித்துக்கொண்டேன். பலமாக இல்லை. புதிதாக ஒட்டிய தாடை, யாரும் உதற மாட்டார்கள், உதறினால் தகடு நகர்ந்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். அவர் அசையாமல் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பழைய கொப்புளங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குப் புரிந்துகொண்டிருந்தன. "விழுங்குங்க மாமா, ஆறிடுச்சு" என்றேன். அடுத்த கரண்டியையும் எடுத்தேன். அதற்கடுத்ததையும். குக்கரில் மிச்சம் வைத்தால் அக்காவுக்குப் பிடிக்காது.

ஏன் என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். அவர் களைத்துப் போயிருந்தார், மேடம். இத்தனை வருடம் பேசியிருக்கிறார். ஓய்வு வேண்டாமா?

மருத்துவமனையில் அவர் வாய் முழுக்கக் கட்டு. நாக்கில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அக்கா கட்டில் ஓரமாக நின்று, "என்னங்க ஆச்சு? யார் இப்படிப் பண்ணினது? சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் என்னைக் கைகாட்டி ஏதோ சொல்ல முயன்றார். காற்று மட்டும்தான் வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் நான் அவருக்கு உதவினேன். அவருடைய குரலில், அவர் அக்காவிடம் பேசுகிற அதே மெதுவான தொனியில் சொன்னேன்: "ஏம்மா, மாப்ளய ஒண்ணும் சொல்லாத. அவன் என்ன நல்லாத்தான் பாத்துக்கிட்டான்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவள்தான் உங்களுக்குப் போன் செய்தாள் என்கிறீர்கள், இருக்கலாம். ஆனால் அந்த அழுகை, இவ்வளவு நாள் கழித்துத் தன் கணவர் குரலைக் கேட்ட சந்தோஷம்தான் என்று எனக்குத் தெரியும்.