ஜெகதீஸ்வரனின் கூறல் மீன்

எனக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது, ஐயா. பல் கூசும். ஆனாலும் என் வீட்டில் இரண்டு கதவு பிரிட்ஜ் நிற்கிறது. அது வந்த கதையைச் சொன்னால் மற்றது தானாக விளங்கிவிடும்.

எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி நாள் பிரித்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். ஆவணியில் அப்படி ஒரு பாடு நாளில் பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரனுக்கு இரண்டு கூறல் மீன் சிக்கியது. அதன் வயிற்றுப் பையை வெளிநாட்டுக்காரன் தங்க விலைக்கு வாங்குகிறான். ஒரே காலையில் நாலு லட்சம். எனக்குப் பொறாமை கிடையாது. முதலில் போய்க் கை கொடுத்தவன் நான்தான்.

அவன் வீட்டுக்கு பிரிட்ஜ் வந்தது, ஏசி வந்தது. அவன் மனைவி அமுதவல்லி பொன்னேரிக்கு ஆட்டோவில் போய் வந்தாள். தாராள மனசுக்காரி, தெருவுக்கே ஐஸ் கட்டி கொடுத்தாள். என் மனைவி செல்வம்மாளும் கிண்ணத்தோடு போய் நின்றாள்.

"இன்னாய்யா, நானும் ஒரு ஆம்பளைக்குத்தானே வாக்கப்பட்டேன்?" என்றாள் திரும்பி வந்து.

இரண்டே மாதத்தில் தெருவில் எட்டு பிரிட்ஜ். எங்கள் வீட்டில் செல்வம்மாளின் காதுத் தோடு அடகுக்குப் போய் பிரிட்ஜ் வந்தது. உள்ளே நேற்றைய குழம்பு மட்டும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. தோடு போன கோபத்தில் அவள் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள். ஒருவனுக்கு வந்த பணம் ஊரையே கெடுக்கிறதே என்று வருத்தமாக இருந்தது. யாராவது சரிசெய்ய வேண்டாமா?

மீதிப் பணத்தில் அவன் ஒரு பைபர் படகு வாங்கினான். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆழமான வழியைக் காட்டச் சிவப்புத் துணி கட்டிய கழியை நட்டு வைப்போம். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் படகு விடுவார்கள். ஐப்பசியில் கழி நடும் பொறுப்பு என்னுடையது. அவன் முதன்முதலாகக் கடலுக்குப் போகும் நாளில் அதைப் பிடுங்கித் திட்டின் மேல் நட்டேன். படகு தட்டும், இன்ஜின் உடையும், அவனும் பழையபடி எங்களில் ஒருவனாகிவிடுவான். அவ்வளவுதான் நினைத்தேன். அன்று அலை பெரிது என்பதும் எனக்குத் தெரியும்.

படகு கவிழ்ந்தது. அவன் உடலைக் கரைக்குத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். மாலைக்குள் கழியைச் சரியான இடத்தில் நட்டுவிட்டேன். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே.

நேற்று அமுதவல்லிக்கு விபத்து நிவாரணப் பணம் வந்தது. அதில் ஒரு நோட்டுக் கட்டை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"மீன் மாட்டின அன்னிக்குப் பாடு உங்களுதுதானே அண்ணா. நீங்க கல்யாணத்துக்குப் போறப்போ அவருக்கு மாத்திக் குடுத்தீங்க. மீனுல பாதி உங்களுக்குத்தான்னு சொல்லிக்கினே இருந்தாரு. படகு ஒரு நடை போய் வரட்டும், குடுத்துடலாம்னாரு."

அழுதுகொண்டேதான் சொன்னாள். எனக்கும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் ஊர்ப் பெரியவர் என்று உங்களிடம் வந்தேன். நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள், ஐயா. பாடு என்னுடையது என்றால் பாதி எப்படிச் சரியாகும்? மீன் முழுதும் என்னுடையதுதானே?