பருது

"ஹலோ... ஹலோ, கேக்குதா? ... அந்த மெஷினை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. ... ஆமா, இன்னும் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு. ... காய்ச்சல் இல்ல. ... வெறும் சளிதானா? துடைக்கிற கையைக் கேளுங்க, சொல்லும்."

அவள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். ஒரு கையில் மூக்கில் விடுகிற சொட்டு மருந்துப் புட்டி, மறுகையில் ஈரத்துணி. கணவன் வேலை பார்க்கும் பெயிண்ட் கடையில் டப்பாக்களைக் குலுக்கும் இயந்திரம் அவள் தலைக்குள்ளேயே கடகடத்தது. மூன்று வயது மகள் சாப்பாட்டு மேசைக்கு அடியில், மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலி முதுகில் இஸ்திரி போட்ட நீலச் சட்டை காத்திருந்தது. மதியம் பேருந்தை ஓட்டிக் காட்டினால் ஓட்டுநர் வேலை அவளுக்கு; போகாவிட்டால் அடுத்து நிற்பவருக்கு.

"மதியம் வந்துடுறேன்னு சொன்னீங்கல்ல. ... சொன்னீங்க. ... சரி, சரி, சரக்கு வந்திருக்கு. உங்க முதலாளிக்கு எப்பப் பாரு சரக்கு வந்திருக்கும். ... நான் வேணா பஸ்ஸை நம்ம வாசல்ல கொண்டாந்து ஓட்டிக் காட்டவா? ... சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

மகள் பலமாக உறிஞ்சினாள்.

"சிந்துடின்னா உள்ள இழுக்கிறா. ... எங்க விட்டேன், ஒரு சொட்டு உள்ள போகலை. கிட்டப் போனாலே அலறுறா. ... அதைத்தான் கேக்கிறேன், நேத்து அவளுக்கு என்ன படம் காட்டுனீங்க? ... பறவைப் படம்தானே? ... பொய் சொல்லாதீங்க. விடிஞ்சதிலேருந்து 'பருது, பருது'ன்னு ஒரே அழுகை. பருந்தைத்தான் சொல்றா, வேற என்ன. ... ஜன்னலெல்லாம் சாத்தியாச்சு, திரையும் போட்டாச்சு. பட்டப்பகல்ல லைட்டு எரியுது இங்க."

அவள் ஈரத்துணியை மேசைமேல் போட்டுவிட்டு, மேசைக்கடியிலிருந்து வந்த குரலுக்குக் காதுகொடுத்தாள்.

"இருக்கேன். ... ஒண்ணுமில்ல. ... ஒண்ணுமில்லன்னேன்ல. ... சரி, கேட்டுக்குங்க. உங்களைத்தான் கூப்பிடுறா. ... ஆமா, 'அப்பா, அப்பா'ன்னு. துடைக்கிறவ நான், தூக்கிச் சுமக்கிறவ நான், பேரு மட்டும் உங்களுக்கு. ... பெருமையா இருக்குல்ல? இருக்கும், இருக்கும். ... நம்பலைன்னா நீங்களே கேளுங்க."

குனிந்து போனை மேசைக்கடியில் நீட்டினாள். மகள் அதைப் பார்க்கவேயில்லை. "அப்பா," என்று அவளை நோக்கியே இரண்டு கையையும் நீட்டினாள். போனுக்குள் கணவனின் குரல் உருகி வழிந்தது. இயந்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

அவள் மருந்துப் புட்டியைப் பிடித்திருந்த கையை ஊன்றி இன்னும் குனிந்தாள். மகளின் கை உடனே பின்வாங்கியது.

"பருது வேணாம்."

விரல் காட்டியது ஜன்னலை அல்ல, புட்டியை. அவள் புட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள், அழுகை நின்றது. வெளியே எடுத்தாள், தொடங்கியது.

அவள் தன் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "மருந்து," என்று சொல்லிப் பார்த்தாள். பருது என்றுதான் வந்தது. பிடித்த மூக்கை விடாமல் இன்னொரு வார்த்தையும் சொல்லிப் பார்த்தாள்.

"அம்மா."

அவள் காதில் விழுந்தது, அப்பா.

போன் தரையில் கிடந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"ஹலோ... ம், இருக்கேன். ... என்னது, முதலாளிகிட்ட லீவு கேட்டுட்டீங்களா? ... உடனே விட்டுட்டாரா? அப்ப சரக்கு? ... புள்ள கூப்பிடுதுன்னு சொன்னீங்களா. ... ம்."

நாற்காலியில் இருந்த நீலச் சட்டையைப் பார்த்தாள்.

"ஆமாங்க... உங்களைத்தான். வேற யாரைக் கூப்பிடப் போறா. ... ஆமா, ஆமா, ரொம்ப ஏங்குறா. ... பேசிக்கிட்டே நிக்காதீங்க, கிளம்புங்க."

தொடர்பைத் துண்டித்தாள்.

"அப்பா," என்றது மேசைக்கடியிலிருந்து.

"இதோ வந்துட்டேன்டி," என்று அவள் தவழ்ந்து உள்ளே போனாள்.