பிடிக்கிறவனின் பிழை

— இல்லை பேனாட், நான் கையெழுத்து வைக்கமாட்டன். உந்தப் பேனையை மூடிச் சட்டைப் பைக்குள்ள வை.

— அக்கா, இது நான் போட்ட சட்டமில்லை. ஒரு பிளேயரை மற்றக் கிளப்புக்கு விடுறதெண்டால் ஸ்கோர் எழுதுறவவும் கையெழுத்து வைக்கவேணும். நாலு மணிக்கு முன்னம் லீக் செக்கிறற்றரிக்குப் பேப்பர் போகோணும். பாதர் பூசை முடிச்சு எவ்வளவு நேரமாச்சு? கோயில் மண்டபத்தைப் பூட்டப்போகினம்.

— பூட்டட்டும். உள்ளுக்கை வைச்சே பூட்டட்டும். பிள்ளையை விக்கிற பேப்பரிலை பெத்தவளே கையெழுத்து வைக்கிறதோ?

— விக்கேல்லை அக்கா, மாத்துறம். ஸ்காபரோக் கிளப்புக்கு உங்கட நிஷானைக் குடுத்து அங்கத்த யதுர்ஷனை எடுக்கிறம். ட்ரேட். பனி மாரி வந்தால் ரீவியிலை வாற பெரிய பேஸ்போல் ரீமுகளும் இதைத்தானே செய்யினம்? மில்லியன் மில்லியனாய்க் கொட்டி ஆள் எடுக்கினம், ஆள் மாத்தினம். அவையின்ர தாய்மார் ஆரும் மண்டபத்துக்குள்ள குந்தியிருந்து மறியல் செய்யேல்லை.

— அவையிட்டை மில்லியன் இருக்கு. உன்னட்டை என்ன இருக்கு? போன கோடை முழுக்க நாங்கள் பெண்டுகள் வெயிலுக்கை நிண்டு கொத்து ரொட்டி போட்டுச் சேர்த்த காசு. அதிலை முதல் வேலையாய் என்ன செய்தனி? லொங்குய்ய் கிளப்போடை கோவிச்சுக்கொண்டு விலகி நிண்ட ஜெனாட்டைக் கூட்டியந்தனி. அவருக்குப் புதுச் சப்பாத்து, புதுக் கிளவுஸ், பயிற்சிக்கு வர ஞாயிறு தவறாமல் வாசல்வரைக்கும் ஊபர். ஏன், கால் வழங்காதே அவருக்கு? மெற்றோவிலை மஞ்சள் லைன் எடுத்துப் பச்சை லைனுக்கு மாறினால் வந்து சேரலாம்தானே?

— அவன் பிற்சர் அக்கா. பந்து எறியிற கையை மெற்றோக் கம்பியிலை தொங்கவிடேலாது.

— அவன்ர கை தங்கக் கை. அப்ப என்ர பிள்ளையின்ர கை? ஏப்ரலிலை சேத்துக்குள்ள நிண்டு மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுற கை எது? மட்டையும் தொப்பியும் ஐஸ் பெட்டியும் வானிலை ஏத்தி இறக்கிற கை எது? இனி ஜெனாட் துரை ஊபராலை இறங்க, கதவு திறந்துவிட ஓராளை ஸ்காபரோவாலை எடுப்பியோ?

— நல்ல பெடியன். ஆர் இல்லையெண்டது? எனக்கும் மருமோன் தானே. ஆனா கோடு போடுறதுக்கு ஸ்கோர் இல்லையே அக்கா. லொஜிக்காய்ப் பாருங்கோ. இந்தா கிடக்கு புத்தகம். நான் எழுதினதோ? உங்கட கை, உங்கட பென்சில். ஏழு வருசம். பத்துத்தரம் அடிக்கப் போனால் நிஷானுக்கு ரெண்டு ஹிற்கூட இல்லை. யதுர்ஷன் பத்துக்கு நாலு. மார்ச்சிலை ரொக்ஸ்பரோவிலை கலியாணம் கட்டி இஞ்சை குடிவாறான். ஸ்காபரோக் கிளப் அவனைச் சும்மா விடாதாம், பதிலுக்கு ஓராள் வேணுமாம். ஆரைக் கேட்டாங்கள்? நிஷானை! நான் ரெலிபோனைக் கையாலை பொத்திக்கொண்டு சிரிச்சனான்.

— ஏன் அவனைக் கேட்டவங்கள் எண்டு நீ யோசிக்கேல்லையோ?

— யோசிச்சனான். விசரங்கள் எண்டு நினைச்சன்.

— அவங்களுக்கு விசரில்லை. விசர் உனக்கு.

— சரி, எனக்குத்தான். ஆனா பெடியனைப் பற்றியும் யோசியுங்கோ. இருபத்தெட்டு வயசு. இஞ்சை லாசாலிலை ஒரு வெயர்ஹவுஸிலை பெட்டி ஒட்டிக்கொண்டு நிக்கிறான். அங்க கிளப் தலைவர் தன்ர கொம்பனியிலையே வேலை போட்டுக் குடுக்கிறாராம். இருக்க அறையும் இருக்காம்.

— அறை! என்ர மூத்தவன் றொசானுக்கும் இப்பிடித்தான் ஒரு அறை கிடைச்சது. சனி ஞாயிறு ரூர்ணமென்ற் எண்டு ஒரு பையோடை ரொறன்ரோவுக்குப் போனவன். ஒன்பது வருசம். அந்தப் பை இன்னும் திரும்பி வரேல்லை. பேந்து றொஷினி, அண்ணையைப் பாத்திட்டு வாறன் எண்டு போய் அங்கயே கட்டினாள். உன்ர அத்தான் செத்துப்போனாப்பிறகு நான் ரெண்டு கோப்பைதான் கழுவுறன் பேனாட். ஒண்டு என்ர, ஒண்டு அவன்ர. இப்ப நீ வந்து பேனையை நீட்டுறாய்.

— அக்கா, நான் இப்ப உங்கட தம்பியாய்க் கதைக்கேல்லை. கிளப் தலைவராய்க் கதைக்கிறன்.

— தலைவர்! உனக்கு மூக்குச் சிந்திவிட்ட கை இது.

— அதையும் ஸ்கோர் புத்தகத்திலை எழுதி வைச்சிருக்கிறியளோ?

— வாய்க்குக் குறைச்சலில்லை. கேள் சொல்லுறன். புத்தகத்தை விடு. உனக்குக் கண் இருக்குத்தானே? அவன் அடிச்சிட்டு ஓடி அவுட் ஆகாமல் பேஸுக்குப் போறானோ இல்லையோ?

— போறான். அதாலைதானே பெடியள் 'லக்கி' எண்டு பேர் வைச்சவங்கள். இவன் அடிச்சால் மற்றப் பக்கத்துக்குக் கை வழுக்கும். அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு சீசன் நடத்தேலாது அக்கா.

— ஏழு வருசமாய் இவன் ஒருத்தனுக்கு மட்டும் எல்லாற்ற கையும் வழுக்குதோ? நீ அங்க என்னத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனி?

— எனக்கு எங்க நேரம்? அம்பயரோடை சண்டை பிடிக்கவேணும், கொத்து அடுப்புக்குக் காஸ் முடிஞ்சுதெண்டால் ஓடவேணும். பின்னேரம் உங்கட புத்தகத்தைத் திறப்பன். எரர், எரர், எரர். அதை நம்பாமல் வேறை எதை நம்புறது?

— புத்தகம் பொய்.

— என்ன?

— காது கேக்கேல்லையோ? புத்தகம் பொய் எண்டன்.

— அக்கா, ரீ குடியுங்கோ. காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை நீங்கள்.

— எனக்குத் தலை சுத்தேல்லை. என்னை முதல்முதல் ஸ்கோர் எழுத அந்தக் கதிரையிலை இருத்தேக்க என்ன சொன்னனி? 'அக்கா, அடிச்சவன்ர திறமையாலை பந்து போனால் ஹிற். பிடிக்கிறவன் கோட்டை விட்டதாலை போனால் எரர். எரர் எண்டால் அடிச்சவன்ர கணக்கிலை ஒண்டும் ஏறாது. எது எதெண்டு தீர்மானிக்கிறது நீங்கள் மட்டும், நான்கூட வாய் திறக்கமாட்டன்' எண்டு. சொன்னனியோ இல்லையோ?

— சொன்னனான்.

— நான் தீர்மானிச்சன்.

— அக்கா...

— முதல் கோடை. ஆத்தங்கரைப் பார்க். றொசான் போய் ரெண்டாம் வருசம். ஸ்காபரோவாலை கறுப்புக் கண்ணாடி போட்ட ரெண்டுபேர் வந்து என்ர கதிரைக்குப் பின்னாலை நிண்டவை. நிஷான் அடிச்ச அடி லெஃப்ற் ஃபீல்டிலை நிண்ட பெடியன்ர தலைக்கு மேலாலை போய்க் கம்பி வேலியிலை 'டங்' எண்டு விழுந்தது. நான் சந்தோசத்திலை ஹிற் எண்டு எழுதிப்போட்டன். பின்னாலை ஒருத்தர் கேக்கிறார், 'அன்ரி, ஆர் உந்தப் பெடியன்? பத்துக்கு எத்தினை அடிப்பார்? கேட்டால் எங்களுக்கு விடுவியளோ?' எண்டு. சிரிச்சுக்கொண்டுதான் கேட்டது. றொசானைக் கொண்டுபோன அதே ரொறன்ரோப் பக்கம். அழிறப்பரை எடுத்தன்.

— அழிச்சியளோ!

— அழிச்சு, லெஃப்ற் ஃபீல்ட் எரர் எண்டு எழுதி, புத்தகத்தை வடிவாய்த் திருப்பி அந்த மனிசனுக்குக் காட்டினன். 'ஓ' எண்டிட்டு றோல்ஸ் வாங்கப் போயிட்டுது. அதுக்குப் பிறகு அழிறப்பர் தேவைப்படேல்லை. கை பழகிட்டுது.

— ஏழு வருசம்!

— ஏழு கோடை. மாரியிலை விளையாட்டு இல்லைத்தானே.

— இமெல்டா அக்கா! அந்த லெஃப்ற் ஃபீல்ட் ஆரெண்டு தெரியுமோ? ரொக்ஸ்பரோக் கிளப்புக்கு விளையாடின செபஸ்தியாம்பிள்ளையற்ற பெடியன்! ஒரு சீசனிலை பதினாலு எரர் எண்டு அவனை விளையாட விடாமல் வாங்கிலை இருத்தி, அவன் பேஸ்போலையே விட்டிட்டு இப்ப செஸ் விளையாடுறான்!

— செஸ் நல்லதுதானே. வெயில் படாது.

— சிரிக்காதேங்கோ! அவையும் தங்கட ஸ்கோரை ஒழுங்காய் எழுதுறேல்லை. இமெல்டா அன்ரியின்ர எழுத்து வடிவெண்டு உங்கடையைப் பாத்துக் கொப்பியடிக்கிறவை! வருசா வருசம் சிறந்த துடுப்பாட்டக்காரர் எண்டு கேடயத்தை வேறை ஆக்களுக்குத் தூக்கிக் குடுத்தனான். ஒருக்கா எனக்கே குடுத்தனான்!

— அதுக்குக் கை தட்டினனான் பார், அதுதான் எனக்குக் கிடைச்ச தண்டனை.

— அண்டைக்கு நிஷான் மூலையிலை நிண்டு கதிரை அடுக்கினவன். என்னட்டை வந்து கேட்டவன், 'மாமா, நான் அடிக்கிறதிலை என்ன பிழை?' எண்டு. நான் ஒரு பெரிய மனிசன் மாதிரி 'இன்னும் பழகு' எண்டன். அந்த மாரி முழுக்க அவன் உங்கட பார்க்கிங்கிலை ஒரு ரயரைத் தொங்கவிட்டு அடிச்சவன். கொட்டுற பனிக்கை!

— தெரியும். உள்ளங்கை வெடிச்சு ரத்தம் கண்டது. எண்ணெய் பூசிவிட்டது நான்.

— பூசிவிட்டிட்டு, அடுத்த கோடையும் எரர் எண்டு எழுதினனீங்கள்.

— ஓம்.

— பெத்த தாய்!

— ஓம் எண்டிட்டன் தானே. இன்னும் ஏன் கத்துறாய்?

— பாவசங்கீர்த்தனத்திலையாவது சொன்னனீங்களோ?

— எந்தக் கட்டளைக்குள்ள வருமெண்டு எனக்குத் தெரியேல்லை.

— எட்டாம் கட்டளை! பொய்ச்சாட்சி! களவெண்டு பாத்தால் ஏழாவதும் சேரும்!

— பாதருக்குப் பேஸ்போல் விளங்காது பேனாட். அவருக்கு ஹொக்கிதான். நான் எரரிலையிருந்து தொடங்கி விளங்கப்படுத்த, பின்னாலை வரிசையிலை நிக்கிற சனம் வீட்டை போயிடும்.

— சரி. சொல்லுங்கோ. உண்மையிலை எத்தினை?

— பத்துக்கு நாலரை.

— சும்மா ஒரு குத்துமதிப்பிலை சொல்லாதேங்கோ.

— குத்துமதிப்பில்லை. இந்தப் பக்கத்தைப் பார். பெட்டியின்ர மூலையிலை என்ன தெரியுது?

— ஒண்டுமில்லை. பென்சில் பட்ட மாதிரி ஒரு பொட்டு.

— இஞ்சை?

— இஞ்சையும் ஒரு பொட்டு.

— நான் பொய்யாய் எழுதின ஒவ்வொரு எரருக்கும் ஒரு பொட்டு. கைதான் பொய் எழுதினது. என்ர பிள்ளை அடிச்ச அடி ஒண்டும் இல்லாமல் போக மனம் விடேல்லை. பொட்டை ஹிற் எண்டு எண்ணிப் பார். ஏழு வருசமும் எண்ணு.

— ...முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது... யேசுவே! போன வருசம் மட்டும் நாப்பத்தொண்டு! நான் நாலரையைக் குடுத்து நாலை வாங்க இருந்தனான்! அதுவும் சிரிச்சுக்கொண்டு!

— இப்ப தெரியுதோ விசர் ஆருக்கெண்டு?

— இந்தா, கிழிச்சாச்சு பேப்பர்.

— இன்னும் சின்னனாய்க் கிழி.

— யதுர்ஷன் பேசாமல் இருந்து கலியாணப் பலகாரம் சாப்பிடட்டும். எனக்கு இனி ட்ரேட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நிஷானைவிட ஆர் வேணும்? ஆனா ஒண்டு அக்கா, இனி அந்தக் கதிரைப் பக்கம் நீங்கள் வரக்கூடாது.

— வரேல்லை. அவன் இஞ்சை நிண்டால் எனக்குக் காணும். நான் கொத்துப் போடுறன்.

— கொத்து ரொட்டியையாவது எண்ணாமல் போடுங்கோ. படியிலை சத்தம் கேக்குது. அவன்தான் வாறான்.

— நீ ஒண்டும் சொல்லாதை. நானே ஆறுதலாய்ச் சொல்லுவன்.

— மாமா, வான் ஸ்ரார்ட் பண்ணி வைச்சிருக்கிறன். அம்மா, வெளியிலை சரியாய் வழுக்குது, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. பேப்பர் அலுவல் முடிஞ்சுதோ?

— வாடா நிஷான்! பேப்பர் குப்பை வாளிக்குள்ள. நீ ஒரு இடமும் போகேல்லை. கொம்மா எல்லாத்தையும் சொல்லிப்போட்டா.

— என்னத்தைச் சொன்னவ?

— ராசா, அம்மா உனக்கு ஒரு பிழை செய்துபோட்டன். நீ அடிச்ச ஹிற்றுகளை நான்...

— எரர் எண்டு எழுதினதோ?

— உனக்கு ஆர் சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்லை. புத்தகத்தை வானிலை ஏத்துறது நான்தானே. மூண்டாம் கோடையிலை பொட்டுகளைக் கண்டனான்.

— கண்டிட்டு ஏன் என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை? கத்தியிருக்கலாமே! புத்தகத்தைத் தூக்கி என்ர முகத்திலை எறிஞ்சிருக்கலாமே!

— அப்பா செத்துக் கொஞ்ச நாள் அம்மா. அண்ணாவும் இல்லை. எனக்கும் அப்ப போக மனமில்லை. நீங்கள் எழுதுறது எழுதட்டும் எண்டு விட்டிட்டன்.

— கேட்டியோ பேனாட்? என்ர பிள்ளைக்கும் மனமில்லையாம்!

— 'அப்ப' எண்டு சொன்னவன், அக்கா.

— மாமா, நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. இன்னொரு பேப்பர் பிறின்ற் எடுக்கலாமோ?

— உனக்கென்னடா, வெயர்ஹவுஸிலை தலையிலை பெட்டி விழுந்ததோ? பத்துக்கு நாலரை அடிக்கிறவனை நான் ஏன் விடுறன்? ஸ்காபரோக்காரருக்கு இந்தக் கதை ஒண்டும் தெரியாது. அவங்கள் உன்னைக் கேட்டது ஏதோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.

— கண்ணை மூடிக்கொண்டு இல்லை மாமா. நத்தார்ப் பூசைக்கு முதல் கிழமை, அம்மா வைச்ச பொட்டு எல்லாத்தையும் எண்ணி, ஏழு வருசத்துப் பக்கத்தையும் படமெடுத்து அவைக்கு அனுப்பினது நான்தான்.