ஆறாம் நம்பர்காரருக்கு நெஞ்சுவலி

— அதான் கேக்குறேன், புருஷனை ஆஸ்பத்திரியில போட்டுட்டு நீ என் வாசல்ல வந்து நிக்கிறியே, அங்க அவர்கூட யாரு? உன் நாத்தனாரா? அவ இருந்தா நர்ஸம்மாவையே படுக்க வெச்சு உபதேசம் பண்ணுவாளே!

— அவங்கதான் இருக்காங்க. அக்கா, இந்தக் கடுதாசியைப் படிங்க.

— கண்ணாடியை எங்க வெச்சேன்... இன்ஷூரன்ஸ் கம்பெனியா? கவரே கல்யாணப் பத்திரிகை மாதிரி பளபளங்குது. ஆபரேஷனுக்குச் சரின்னுட்டானா?

— மாட்டேன்னுட்டான்.

— அடப்பாவி! ஒன்பது வருஷமா கட்டினீங்களே! அந்த ஏஜென்ட்டு என்ன சொல்றான்? சென்ட் பூசிக்கிட்டு வருவானே, கீழ நுழைஞ்சாலே மூணு மாடிக்கும் மணக்கும், அவன்.

— போனை எடுக்கல. கம்பெனிக்குப் போட்டா, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'னு ஒரு பொம்பளைக் குரல் நாற்பது நிமிஷம் சொல்லுது. அவ்வளவு முக்கியம்னா எடுத்துத் தொலைய வேண்டியதுதானே? ஒரு வருஷம் ரெண்டு நாள் லேட்டா கட்டினேன். அப்ப மட்டும் நாலு தடவை அவனா கூப்பிட்டான். கண்ணு பூத்துப்போக ஊர்த்துணியெல்லாம் தைச்சுக் கட்டினது அது.

— நான் சொல்றேன் பாரு, வாங்குறப்போ நம்ம வீட்டு வாசல்ல நிப்பானுங்க, குடுக்குறப்போ நாம அவன் வாசல்ல நிக்கணும். எனக்கு அப்பவே தெரியும்.

— உங்களுக்கு எல்லாமே அப்பவே தெரியும்க்கா. அதுக்குத்தான் வந்திருக்கேன். ரெண்டாவது பத்தி. சத்தமா படிங்க.

— என்னடி, பள்ளிக்கூடத்துல நிக்க வெச்ச மாதிரி... சரி சரி. 'காப்பீடு எடுப்பதற்கு முன்பிருந்தே நோயாளிக்கு நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் இருந்துவந்ததாக, அதே கட்டடத்தில் நீண்டகாலமாக வசிக்கும் ஒருவர் எமது விசாரணையாளரிடம் தெரிவித்துள்ளார். இவ்வுண்மை மறைக்கப்பட்டதால்...'

— ஏன் நிறுத்திட்டீங்க?

— எழுத்து பொடிசா இருக்கு.

— நீண்டகாலமாக வசிக்கும் ஒருவர். யாருக்கா அது?

— பன்னிரண்டு வீடு இருக்கு, எவளைன்னு சொல்றது? எனக்கென்ன, ஆனா மூணாம் நம்பர் டிரைவர் பொண்டாட்டி வாய் இருக்கே...

— அவ குடிவந்து ஒரு வருஷம் ஆகல.

— அஞ்சாம் நம்பர் வாத்தியார்?

— அவருக்குக் காது கேக்காது, யார் மணியடிச்சாலும் திறக்க மாட்டார். அக்கா, போன செவ்வாய்க்கிழமை நீலச்சட்டை போட்ட ஆள் ஒருத்தன் வந்தானா?

— வர்றான் போறான், நான் என்ன வாசல்ல நோட்டுப் போட்டா எழுதுறேன்?

— உங்க வீட்டுக்குள்ள உக்காந்து டீ குடிச்சானாம். படியில போறப்போ டிரைவர் பொண்டாட்டி பாத்திருக்கா.

— பாத்தியா, அவ வாயைப் பத்தி இப்பத்தானே சொன்னேன்! ஆமா, வந்தான். நல்ல பையன்டி. 'இந்தக் கட்டடத்துல உங்களைக் கேட்டா எல்லாம் தெரியும்னு வாட்ச்மேன் சொன்னாரும்மா'ன்னு பவ்யமா நின்னான். ஏதோ கடன் கேட்டிருக்கீங்க, அதுக்கு விசாரிக்கிறான்னு நெனச்சேன். உங்களைப் பத்தி நல்லதாத்தான் சொன்னேன். குடி கிடையாது, கூச்சல் கிடையாதுன்னு.

— நெஞ்சுவலின்னு சொன்னீங்களா?

— அவன்தான் கேட்டான். 'ஆறாம் நம்பர்காரருக்கு ரொம்ப நாளாவே முடியலையோ'ன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— அது... பத்து வருஷமா மூச்சு வாங்கும், ரெண்டு படிக்கு ஒருதரம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாருன்னு...

— எங்க வீட்டுக்காரரா? லிஃப்ட் மெக்கானிக் அக்கா அவரு! பதினெட்டு மாடி லிஃப்ட் குழியில கம்பியைப் பிடிச்சுத் தொங்குறவரு. உங்க சிலிண்டரையே தோள்ல வெச்சு மூணு மாடி ஏத்தியிருக்காரு. எப்பக்கா அவரு நெஞ்சைப் பிடிச்சாரு?

— கத்தாதடி, கதவு திறந்திருக்கு. நான் சொன்னது அவரை இல்ல. உங்களுக்கு முன்னாடி ஆறாம் நம்பர்ல ஒரு அச்சாபீஸ்காரர் இருந்தாரு. அவருதான் அப்படி நிப்பாரு.

— அவரு காலி பண்ணி ஏழு வருஷம் ஆச்சு!

— ஆச்சுதான். ஆனா அந்தப் பையன் எழுதுறதுக்குத் தயாரா என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கான். உன் வீட்டுக்காரர் விடிஞ்சா போறாரு, இருட்டினா வர்றாரு, அவர் உடம்பைப் பத்தி எனக்கு என்ன மண்ணு தெரியும்? இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன், என்கிட்ட வந்து கேட்டவனை நான் வெறுங்கையோட அனுப்பினதே இல்ல. தெரியாதுன்னு சொல்ல வாய் வரலடி.

— நாங்க இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷம். பாலிசி எடுத்து ஒன்பது வருஷம். அதுக்கு முன்னாடி இருந்த வலி உங்களுக்கு எப்படித் தெரியும்னு அந்தக் கம்பெனியில ஒருத்தனுக்காவது தோணலையா? பழைய விலாசம், இந்த விலாசம் ரெண்டும் அவன் பேப்பர்லயே இருக்கு. தெரிஞ்சேதான் எழுதியிருக்கான்.

— படுபாவிங்க.

— டாக்டர் நாலு பக்கம் எழுதிக் குடுத்தாரு, இது மூணு மாசத்துக்குள்ள கிருமி தொத்திக் கெட்டுப்போன இருதய வால்வு, முன்னாடி ஒரு கோளாறும் இல்லன்னு. வேலை செய்யுற இடத்துல வருஷா வருஷம் பண்ணின செக்கப் எல்லாம் இருக்கு. அது எதுவும் அவனுக்குச் செல்லல. நீங்க டீ ஆத்திக்கிட்டே அவுத்துவிட்டது செல்லுது!

— அப்படி முறைக்காதடி.

— நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அவன் சரின்னு சொல்லலைன்னா வியாழக்கிழமை ஆபரேஷன் கிடையாது. வேற ஆளைப் போட்டுருவாங்க. அடுத்த தேதி வரைக்கும் தாங்க மாட்டாருன்னு டாக்டர் என் முகத்தைப் பாக்காமயே சொன்னாரு.

— ஐயோ.

— கம்பெனியில புகார் வாங்குற அதிகாரி நாலு மணி வரைக்கும் இருப்பாரு. நீங்க வந்து, நான் சொன்னது வேற ஆளை, இவரைப் பத்தி எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். வண்டி கீழ நிக்குது.

— நானா? ஆபீசுக்கா? நாளைக்குள்ள கட்டடம் பூரா சிரிக்குமே, செய்தி அக்கா உளறிட்டா, ஆபீசர் கூப்பிட்டு வெச்சுக் கேட்டாருன்னு...

— அதுக்கா பயப்படுறீங்க?

— அது மட்டும் இல்ல. உள்ள வா, சொல்றேன். நானும் அதே கம்பெனியிலதான் போட்டிருக்கேன். முட்டி ஆபரேஷனுக்கு எழுதிப் போட்டிருக்கு. இந்த நேரத்துல போய், உங்க ஆள் எழுதினது தப்புன்னு நின்னேன்னு வையி, என் காகிதத்தையும் தூக்கிக் குப்பையில போட மாட்டான்? என்னையும் கொஞ்சம் நெனச்சுப் பாருடி. யார்கிட்டயும் நான் மூச்சு விடல, உன்கிட்டதான் சொல்றேன்.

— எனக்குத் தெரியும்க்கா.

— உனக்கு எப்படித் தெரியும்?

— இந்தச் செவுரு உங்களுக்கு மட்டுமா மெல்லிசு? நாங்க குடிவந்த மொத வாரத்துலேருந்து கேக்குது. மழை வந்தா விடிய விடிய முட்டியைப் பிடிச்சுக்கிட்டு முனகுவீங்க. நீங்க பாலிசி எடுத்தது போன வருஷம்.

— இதையெல்லாம் இப்ப எதுக்குடி சொல்ற?

— காலையில அந்த நீலச்சட்டை எங்க வீட்டு மணியை அடிச்சான். இந்தத் தடவை உங்களைப் பத்தி விசாரிக்க.

— கடவுளே. இந்தக் கடுதாசி வந்த அப்புறமா, முன்னாடியா?

— கடுதாசி என் கையிலதான் இருந்துச்சு. அதுல சொல்ற 'ஒருவர்' நீங்கதான்னு நான் கண்டுபிடிச்சு ஒரு மணி நேரம் ஆகியிருந்துச்சு. 'ஏழாம் நம்பர் அம்மாவுக்கு முட்டிவலி எத்தனை வருஷமா'ன்னான்.

— நீ என்னடி சொன்னே? சொல்லுடி, என்ன சொன்னே?

— தெரியாதுன்னு சொன்னேன். சொல்ல முடியுதுக்கா.